கிரெட்டா சாவியின் நான்கு பட்டன்கள்

இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவின் உயர்ரக மாடல்களோடு உள்ளங்கைக்குள் அடங்கும் ஸ்மார்ட் கீ ஒன்று வருகிறது. மூடிய பூட்டு, திறந்த பூட்டு, டிக்கி தூக்கிய கார், வளைந்த அம்பு என்று அதில் நான்கு பட்டன்கள். பலருடைய பழக்கம் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. மற்ற இரண்டும் ஒரு தட்டுக்கு மசியாது என்பதே காரணம். எதை எவ்வளவு நேரம், எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது.

பூட்டும் பட்டனை அழுத்தினால் இண்டிகேட்டர் விளக்குகள் ஒரு முறை மின்னும். திறக்கும் பட்டனுக்கு இரு முறை. வண்டி தரும் பதில் இதுதான். ஏதாவது ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் அந்த ஒரு மின்னல் வராது. தி.நகர் நெரிசலில் வண்டியை விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சாவியை அழுத்தியபடி நடப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். தவறுதலாகத் திறக்கும் பட்டன் அழுந்தினால் கவலை குறைவு: 30 விநாடிக்குள் கதவு எதையும் திறக்காவிட்டால் வண்டி தானே பூட்டிக்கொள்ளும்.

டிக்கி பட்டனை ஒரு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாக்கெட்டில் அழுந்தித் திறந்துவிடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

வளைந்த அம்புதான் இந்தச் சாவியின் சிறப்பு. முதலில் பூட்டும் பட்டன். அடுத்த நான்கு விநாடிக்குள் அம்பை இரண்டு விநாடிக்கு மேல் பிடித்தால், ஆள் இல்லாமலே என்ஜின் உயிர்பெறும். இந்த வரிசை தெரியாமல் அம்பை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு, பட்டன் பழுது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. கதவுகளும் பானெட்டும் மூடியிருக்க வேண்டும், ஆட்டோமேட்டிக் கியர் 'பி'யில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு. பத்து நிமிடத்தில் என்ஜின் தானே நின்றுவிடும். கத்திரி வெயிலில் வெந்துகிடக்கும் வண்டிக்குள் ஏறும் முன் ஏசியை ஓடவிட இதைவிட வசதி இல்லை. ஆனால் கதவடைத்த ஷெட்டுக்குள் இந்தப் பட்டனைத் தொடவே கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டோடு ஒட்டிய ஷெட் என்றால் உள்ளே தூங்குபவருக்கும் ஆபத்து. வண்டியை ஒப்படைக்கும் நாளில் ஷோரூமில் மாலை போட்டுப் படமெடுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை இந்தப் பட்டனை விளக்க ஒதுக்க வேண்டும்.

ஒரு வண்டியில் பழகிய விரல் இன்னொன்றில் ஏமாறும். ஃபோக்ஸ்வேகன் போலோவில் திறக்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் கண்ணாடிகள் இறங்கும். வெப்பக் காற்று வெளியேற அருமையான வழி. எல்லா வண்டியிலும் இது கிடையாது. ஐரோப்பாவில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே உள்கைப்பிடியையும் செயலிழக்கச் செய்யும் இரட்டைப் பூட்டு உண்டு. ஃபோர்டு கார்களில் பூட்டும் பட்டனை அடுத்தடுத்து இரு முறை அழுத்தினால் அது விழும். ஃபோக்ஸ்வேகனில் ஒரே அழுத்தில் விழுந்துவிடும். இரண்டாம் அழுத்து அதை நீக்கும். ஒரே செய்கைக்கு நேர் எதிரான பலன்! உள்ளே குழந்தை உட்கார்ந்திருந்தால் இது சாதாரண விஷயம் அல்ல. நிறுவனங்கள் இதிலாவது ஒரே முறைக்கு வந்திருக்க வேண்டும்.

மீண்டும் கிரெட்டா சாவிக்கு வருவோம். அதன் ஒவ்வொரு அழுத்தும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு புதிய குறியீட்டை அனுப்புகிறது. போன முறை போனது இந்த முறை செல்லாது. திருடன் பதிவுசெய்த பழைய சிக்னலை வண்டி மதிக்காது. குழந்தை வீட்டுக்குள் சாவியை வைத்துச் சில முறை அழுத்தி விளையாடினாலும் பாதகமில்லை. அடுத்து வரக்கூடிய குறியீடுகள் சிலவற்றையும் வண்டி ஏற்றுக்கொள்ளும்.

பக்கத்தில் போய் அழுத்தினால்தான் கேட்கிறது என்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது என்று பொருள். உள்ளே இருப்பது சிஆர்2032 என்ற மூன்று வோல்ட் வில்லை. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். நடுவழியில் முழுதாகத் தீர்ந்துபோனால், சாவிக்குள் செருகியிருக்கும் உலோகச் சாவியை உருவி ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். பிறகு பிரேக்கை மிதித்தபடி, ஸ்டார்ட் பட்டனை விரலால் அழுத்தாமல் ஸ்மார்ட் கீயாலேயே அழுத்த வேண்டும். சாவிக்குள் இருக்கும் சிப்புக்கு வண்டியே மின்சாரம் கொடுத்து அடையாளம் கண்டுகொள்ளும்; என்ஜின் ஓடும்.