சென்று சேர்ந்தால் போதுமா?

பார்வையற்றோரும் உலவக்கூடிய மெய்நிகர் உலகத்துக்கு முன்மாதிரியாகப் பலரும் சுட்டுவது, 2020இல் நாட்டி டாக் நிறுவனம் வெளியிட்ட ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ விளையாட்டை. அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் அதில் இருக்கின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் கதை நகர வேண்டிய திசைக்குப் பாத்திரம் தானே திரும்பிக்கொள்ளும். பள்ளத்தின் விளிம்பில் கால் தவறாது. எங்கே தாவ வேண்டும், எங்கே குனிய வேண்டும் என்பதற்குத் தனித்தனி ஒலிக்குறிகள் உண்டு. பார்வை அறவே இல்லாதவர்களும் பிறர் துணையின்றி அதை ஆடி முடித்திருக்கிறார்கள். இது சின்னச் சாதனை அல்ல. ஆனால் அந்த ஒலிக்குறிகள் எதை அறிவிக்கின்றன என்று பாருங்கள்: எதிரி, எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள், அடுத்த வழி. பாழடைந்த கடையின் சுவரில் என்ன தொங்குகிறது என்பதற்கு ஒலி கிடையாது. பயன்படும் பொருள்கள் மட்டுமே இருக்கும் உலகமாக அது சுருங்கிவிடுகிறது. 2022இல் வந்த ‘பார்ட் 1’ மறுவடிவத்தில் காட்சி விவரிப்பு சேர்ந்தது உண்மை. அதுவும் திரைப்படம்போல ஓடும் காட்சிகளுக்குத்தான்.

வழிகாட்டாமல் விட்டால் தொலைந்துபோவார்களே, பார்வை உள்ளவர்களும் திரையில் தெரியும் அம்புக்குறியைப் பின்பற்றித்தானே போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயந்தான். ஆனால் அவர்கள் போகிற போக்கில் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் ஒலியாக்கினால் காது தாங்காது என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதற்கு 2023இல் வந்த ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’ என்ற கார்ப் பந்தய விளையாட்டு ஓரளவு பதில் சொல்கிறது. திருப்பம் நெருங்குவது, வேகம் குறைக்க வேண்டியது, கார் தடத்தின் ஓரத்துக்கு ஒதுங்குவது என ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி. எது வேண்டும், எது வேண்டாம் என்பதை ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம். தகவலைக் கொடுத்துவிட்டு முடிவை ஓட்டுபவரிடமே விடும் முறை இது. ஆனால் பந்தயத் தடம் எல்லையுள்ள இடம். திறந்த உலகத்துக்கு இதை அப்படியே கொண்டுபோக முடியாது.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே நிறுவனம் கட்டிய உலகத்தை அந்த நிறுவனமே விவரித்துவிடலாம். பயனர்களே கட்டும் உலகத்தை யார் விவரிப்பது? 2003இல் தொடங்கிய ‘செகண்ட் லைஃப்’பில் புதிதாக உருவாக்கும் எதற்கும் தானாகக் கிடைக்கும் பெயர் ‘ஆப்ஜெக்ட்’. பலர் அதை மாற்றுவதே இல்லை. அந்த உலகத்தை எழுத்தாக்கித் திரைவாசிப்பானிடம் கொடுக்க நெவாடா ரீனோ பல்கலைக்கழகம் ‘டெக்ஸ்ட்எஸ்எல்’ என்ற செயலியை உருவாக்கியபோது, பெரிய முட்டுக்கட்டையாக நின்றது இதுவே. நாற்காலியும் ஆப்ஜெக்ட், நீரூற்றும் ஆப்ஜெக்ட். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த, எழுத்தாலேயே ஆன ‘மட்’ விளையாட்டில் இந்தத் தொல்லை இல்லை. எழுதாத அறை அங்கே இருக்கவே முடியாது. படம் வந்த பிறகு எழுத வேண்டிய அவசியம் போய்விட்டது.

செயற்கை நுண்ணறிவே பார்த்துச் சொல்லிவிடுமே என்பது இன்றைய வாதம். நாற்காலியை நாற்காலி என்று அது சொல்லிவிடும். அதில் உட்கார முடியுமா, அது யாருடையது என்பதெல்லாம் அந்த உலகத்தின் நிரலுக்குள் இருக்கிறது, படத்தில் இல்லை. கட்டியவருக்குத் தெரிந்ததைப் படத்திலிருந்து ஊகிக்கச் சொல்வது வீண் வேலை. குறைபார்வை உள்ளவர்கள் மெய்நிகர் உலகில் உலவ 2019இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘சீயிங்விஆர்’ தொகுப்பின் 14 கருவிகளில் உருப்பெருக்கம் உட்பட ஒன்பது, உருவாக்குநரின் துணையின்றியே இயங்குகின்றன. மீதி ஐந்துக்கு அவர் கைவைத்தாக வேண்டும். ஆகவே, பெயர் கொடுக்காமல் எதையும் வெளியிட முடியாது என்று தளங்கள் விதி வைக்கலாம். சிலர் வாய்க்கு வந்ததைத் தட்டிவிட்டுப் போவார்கள். அதற்காகப் பெயரே கேட்காமல் விடுவதில் அர்த்தமில்லை.