உப்புக் காணாது

எமக்குள் ஒருவர் புதிதாகப் படம் கீறத் தொடங்கித் தன் தாளை நாலு பேருக்கு முன்னால் வைத்தால், இரண்டு விதமான பதில்கள்தான் வருகின்றன. ஒன்று 'நல்லாயிருக்கு'. மற்றது 'உதென்ன கிறுக்கல்?'. முதலாவதைச் சொல்பவர் நண்பர். இரண்டாவதைச் சொல்பவர் அநேகமாக நண்பராயிருந்து பிரிந்தவர். இருவருமே தாளைக் கொண்டுவந்த ஆளைப் பார்த்துச் சொல்கிறார்கள். தாளில் என்ன இருக்கிறது என்று இருவரும் பார்ப்பதில்லை. புலம்பெயர்ந்த சூழலில் கவிதைக்கும் கதைக்கும் நடப்பது இதுதானே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் நாம் இங்கே பேச வந்தது படைப்புகளைப் பற்றியல்ல. அதற்கு முந்திய, எவரும் பொருட்படுத்தாத ஒன்றைப் பற்றி: தொடக்க நிலையில் இருப்பவரின் பயிற்சித் தாள். அதைப் பார்த்து என்ன சொல்வது, சொல்வதை எப்படி வாங்கிக்கொள்வது என்பது பற்றி.

இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஜேர்மனியின் சிறு நகரங்களில்கூட 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே' எனப்படும் மக்கள் உயர்பள்ளிகள் இருக்கின்றன. இவற்றை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பே தனது 148ஆம் பிரிவில் எழுதி வைத்தது. மாலை வேளைகளில் இங்கே மொழி படிக்கலாம், தையல் படிக்கலாம், படம் கீறவும் படிக்கலாம். 2009க்குப் பின் வந்து சேர்ந்தவர்களில் சிலர், பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டவர்கள், ரெஸ்ரோறன்ற் பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில் இந்த வகுப்புகளுக்குப் போகிறோம். மொழி போதாத இடத்திலும் பென்சில் ஓடும் என்பது ஒரு வசதி. பின்னர் யாராவது ஒருவரின் அறையில் கூடித் தாள்களைப் பரப்பிப் பார்ப்பதும் உண்டு. மேற்சொன்ன இரண்டு பதில்களையும் நாம் கேட்டது அங்கேதான்.

முதலில், பயிற்சி என்றால் என்ன? மேசையில் ஒரு கோப்பை. அதைக் கீறச் சொல்கிறார்கள். தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் கீறுகிறார்கள். வாய் நீள்வட்டமாக, இரண்டு அந்தங்களிலும் கூராக இருக்கும். அடி நேர்கோடாக இருக்கும். கோப்பை தட்டையான மேசையில் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அடியையும் தட்டையாக்கி விடுகிறது கை. ஆனால் சற்று மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அடியும் வளைவுதான். அதுவும் வாயைவிடக் கூடுதலாகத் திறந்த வளைவு. ஏனென்றால் கண்மட்டத்திலிருந்து அது இன்னும் கீழே இருக்கிறது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் கோப்பை கழுவுகிறவர்கள் நாம். கை அத்தனை அறிந்த பொருளைக் கண் அறியாமல் இருக்க முடியும் என்பதை இந்தச் சிறிய பயிற்சி காட்டிவிடுகிறது.

அழகான கோப்பைப் படம் ஒன்றைப் பெறுவதற்காக இதைத் தருவதில்லை. தெரிந்ததைக் கீறுவதற்கும் கண்டதைக் கீறுவதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று காட்டத்தான் தருகிறார்கள். ஆகவே அந்தத் தாளைப் பார்த்து 'நல்லாயிருக்கு' என்பது கேட்காத கேள்விக்கு விடை. 'சரியில்லை' என்பதும் அப்படியே. 'கீறும்போது உமது கண் கோப்பைக்கு மேலேயா இருந்தது? மேலே என்றால் அடி ஏன் நேர்கோடாய் வந்தது?' என்று கேட்டால் அது அந்தப் பயிற்சியைப் பற்றிய பேச்சு. இதைக் கேட்பதற்கு ஓவியராக இருக்க வேண்டியதில்லை. கோப்பையை இன்னொரு தடவை பார்க்கிற பொறுமை போதும்.

இந்தப் பேச்சு எம்மிடையே ஏன் வளரவில்லை? பாடசாலையில் சித்திரக் கொப்பி வாத்தியாரின் மேசைக்குப் போகும். சிவப்பு மையில் பத்துக்கு ஐந்து என்று திரும்பி வரும். எதற்கு ஐந்து கிடைத்தது, எதற்கு ஐந்து போனது என்று ஒரு சொல் இராது. சில வேளைகளில் வாத்தியாரே பென்சிலை வாங்கிப் பிள்ளையின் கோட்டுக்கு மேல் தன் கோட்டைப் போட்டுவிடுவார். படம் திருந்திவிடும். பிள்ளைக்கு எதுவும் விளங்கியிராது. காலனித்துவக் காலத்துச் சித்திரக் கல்வி, அச்சிட்ட மாதிரிகளைப் பார்த்துக் கீறுவதைப் பெரிதும் நம்பியிருந்தது. மாதிரி ஒன்று கையிலிருந்தால் திருத்துவது சுலபம். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வேலை முடிந்தது.

ஆயினும் எமது வரலாறு முழுவதும் இப்படித்தான் என்று சொல்வது அநியாயம். இலங்கையில் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாயிருந்த சி. எவ். வின்ஸர் 1920களிலேயே பார்த்துக் கீறும் முறையை விட்டுப் பிள்ளையின் சுயமான வெளிப்பாட்டுக்கு இடம் கொடுக்க முனைந்தவர். அவருடைய பெயராலேயே யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் 'வின்ஸர் ஆர்ட் கிளப்'பை அமைத்தார். அதன் பின் வந்தவர் அ. மாற்கு. 1933இல் பிறந்து 2000இல் மறைந்த இந்த ஓவியர், வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறருக்குக் கற்பிப்பதில் கழித்தார். 1987இல் வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' அவருக்கென்றே தொகுக்கப்பட்ட மலர். வகுப்பறையில் ஓர் ஆசிரியர் சொன்ன சொற்கள் காற்றோடு போய்விடும். அவற்றை நாம் இனிக் கேட்க முடியாது. மாணவர்களின் படங்கள்தான் சாட்சியாக எஞ்சுகின்றன. மாற்குவிடம் பயின்ற வாசுகி, நிலாந்தன் போன்றோரின் ஓவியங்கள் ஆசிரியரின் நகல்களாக இல்லை. ஒருவருடையது மற்றவருடையதைப் போலவும் இல்லை. கோட்டுக்கு மேல் கோடு போடுகிற ஆசிரியரிடமிருந்து இப்படி மாணவர்கள் வரமாட்டார்கள்.

நாம் வாழ நேர்ந்த இந்த நாட்டிலும் இதே கேள்வியோடு முட்டி மோதியவர்கள் இருந்தார்கள். அந்த வைமார் நகரில், அதே 1919இல் தொடங்கியது 'பௌஹவுஸ்' கலைப்பள்ளி. உள்ளே வரும் ஒவ்வொருவரும் முதலில் ஒரு தொடக்கப் பயிற்சி வகுப்பில் இருக்க வேண்டும். அதை உருவாக்கியவர் யொஹானெஸ் இட்டன். பின்னர் அதை நடத்தியவர்களில் ஒருவர் யோசெஃப் அல்பெர்ஸ். அவருடைய வகுப்பொன்றை மாணவரான ஹன்னெஸ் பெக்மன் நினைவுகூர்ந்திருக்கிறார். கீறற் பயிற்சி அல்ல அது. ஆனால் விமர்சனம் செய்வது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குத் தெரியாது.

அல்பெர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாள்களுடன் வந்து, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, இதிலிருந்து ஏதாவது செய்யுங்கள், தாளின் இயல்பை மதியுங்கள், முடிந்தால் கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சில மணி நேரம் கழித்து வந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பச் சொன்னார். கோட்டைகள், படகுகள், முகமூடிகள், மிருகங்கள். இவற்றை வேறு பொருட்களில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்றார். பிறகு, நீளவாக்கில் மடித்து நிறுத்தி வைத்திருந்த ஒரு தாளைக் காட்டினார். மெல்லிய தாள் ஒரு மடிப்பினால் விறைப்படைந்து, தன் ஒடுங்கிய விளிம்பிலேயே நிற்கிறது. மேசையில் கிடக்கும்போது ஒரு பக்கம்தான் தெரியும், இப்போது இரண்டு பக்கமும் தெரிகிறது என்று விளக்கினார்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. எல்லாத் தாள்களும் ஒரே தரையில், ஒரே வரிசையில் கிடந்தன. விமர்சனம் கொடுத்த வேலையைத் தாண்டிப் போகவில்லை. தாளின் இயல்பு என்ற ஒரே அளவுகோல்தான். பாராட்டும் காரணத்தோடு வந்தது. அதைக் கேட்டவர் எவரும் அடுத்த முறை தன் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். 'நல்லாயிருக்கு' என்பதை வைத்துக்கொண்டு அடுத்த நாள் என்ன செய்வது?

எமக்கு உடன்பாடில்லாத பகுதியும் உண்டு. கோட்டையையும் படகையும் அவர் குழந்தைப்பிள்ளை வேலை என்ற மாதிரிக் கடந்து போனார். நாலு பேருக்கு முன்னால், பதில் சொல்ல மொழியும் இல்லாத ஒருவருக்கு இது நடந்தால் அவர் அடுத்த திங்கட்கிழமை வரமாட்டார். இதை அல்பெர்ஸே பின்னாளில் மறுபக்கத்திலிருந்து அறிந்திருக்கக்கூடும். 1933இல் நாசிகளின் நெருக்குதலால் பௌஹவுஸ் மூடப்பட, அவர் அமெரிக்காவின் பிளாக் மவுன்ரின் கல்லூரிக்குப் போனார். ஆங்கிலம் மிகச் சொற்பம். கண்களைத் திறப்பதே தன் நோக்கம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு அந்த மொழியில் கற்பிக்கத் தொடங்கினார். மொழி குறைந்த ஆசிரியருக்கு நீண்ட தீர்ப்புகள் சொல்ல முடியாது. தாளைச் சுட்டித்தான் பேச முடியும். அந்தக் குறைபாட்டில் எமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

இனி, எமக்கு மிகவும் நெருக்கமான சிக்கலுக்கு வருவோம். வகுப்பில் ஒருநாள் 'நினைவிலிருந்து ஓர் இடம்' என்று பயிற்சி தருகிறார்கள். மற்றவர்கள் விடுமுறைக்குப் போன கடற்கரையைக் கீற, எம்மில் ஒருவர் பதுங்குகுழியைக் கீறுகிறார், அல்லது கூரையில்லாத வீட்டை. அந்தத் தாளின் முன்னால் எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள். கடற்கரைக்குச் சொன்னதைப் போல, 'சுவரின் விளிம்புகள் ஒரே திசையில் சாயவில்லை, தூரத்துப் பனை கிட்டத்துப் பனையை விடக் கறுப்பாய் இருக்கிறது' என்று எவரும் சொல்வதில்லை. மனதைத் தொடுகிறது என்கிறார்கள். எம்மவர் பார்த்தாலும் அதேதான். அவர்கள் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் கீறியவர் மாணவர் என்ற இடத்திலிருந்து இறக்கப்பட்டு, மீண்டும் அகதியாகிவிடுகிறார். அடுத்தவருக்குக் கிடைத்த பாடம் அவருக்குக் கிடைப்பதில்லை.

இதற்கு மறுமொழியாக நாம் வைக்கக்கூடிய பெயர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். 1898இல் வியன்னாவில் பிறந்தவர். இட்டனிடம் பயின்று அவரைத் தொடர்ந்து வைமாருக்கு வந்த மாணவி. யூதரான அவரை 1942 டிசம்பரில் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் சிறுவர்களுக்குச் சித்திரம் கற்பித்தார். கிடைத்த கழிவுத் தாள்களிலும் அலுவலகப் படிவங்களிலும் வகுப்பு நடந்தது. பௌஹவுஸில் தான் செய்த பயிற்சிகளையே கொடுத்தார்: தாளத்துக்கேற்பக் கோடு இழுத்தல், இருளும் ஒளியும், பழைய ஓவியர்களின் படங்களிலிருந்து அமைப்பைப் படித்தல். தாளில் பெயரை எழுதச் செய்தார். சிறுவர் சித்திரம் பற்றி 1943இல் முகாமுக்குள்ளேயே உரையும் நிகழ்த்தினார். 1944 அக்டோபரில் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்; அவரிடம் பயின்ற சிறுவர்களில் பெரும்பாலானோரும் கொல்லப்பட்டார்கள். இரண்டு சூட்கேசுகளில் மிஞ்சிய ஏறக்குறைய 4,500 சித்திரங்கள் இன்று பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மரணம் வாசலில் நின்ற இடத்தில், இருளுக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை ஒருவர் ஏன் கற்பிக்க வேண்டும்? அந்தப் பிள்ளைகளைப் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும் அவர் பார்க்கவில்லை என்பதே நாம் காணும் விடை. அவர்களுக்கு நாளைக்கு இன்னொரு தாள் உண்டு என்று எண்ணியே பாடம் நடத்தினார். பயிற்சியை விமர்சிப்பதன் அடிப்படை அதுதான்: உமக்கு அடுத்த தாள் இருக்கிறது. கூரையில்லாத வீட்டைக் கீறியவருக்கு, அந்த வீட்டின் கதையைக் கேட்ட பின்னர், சுவர் ஏன் சாயவில்லை என்றும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சுவர் சரியாக விழுந்தால் தானே அவர் கண்டது பார்ப்பவருக்கும் தெரியும்.

சொல்பவரைப் பற்றியே பேசினோம். வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. எமது வேலைத்தலம் இதில் எமக்கு ஆசான். குசினியில் ஷெஃப் கரண்டியை நக்கிப் பார்த்து 'உப்புக் காணாது' என்கிறார். சட்டி இன்னும் அடுப்பில் இருக்கிறது; போடலாம். உமக்குச் சமைக்கத் தெரியுமா தெரியாதா என்ற விசாரணை அங்கே இல்லை, ஏன் குறைந்தது என்று நாமும் கதை சொல்வதில்லை. சாப்பாட்டு மண்டபத்தில் நடப்பது வேறு. பரிமாறுபவர் கேட்க, விருந்தாளி 'மிக நன்று' என்கிறார். பாதி மிச்சத்தோடு கோப்பை உள்ளே வருகிறது. கோப்பை கழுவுகிறவருக்குத்தான் உண்மை தெரியும். எமது கூடல்களில் நாம் ஒருவருக்கொருவர் விருந்தாளிகளாகவே இருக்கிறோம்.

தாளை நீட்டும்போதே 'இப்பதான் பழகுறன், நேரமில்லை, பென்சிலும் சரியில்லை' என்று சொல்பவர், மற்றவரிடமிருந்து ஆறுதலைத் தவிர வேறு எதையும் எதிர்பார்க்க முடியாது. 'அடியின் வளைவைத்தான் பார்த்தேன், வந்திருக்கிறதா?' என்று கேட்பவருக்கு விடை கிடைக்கும். ஒரு தாளுக்குப் பதில் ஒரே கோப்பையை மூன்று முறை கீறிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது; எது முன்னேறியது என்று தாள்களே சொல்லும். சொல்வதைக் கேட்டுவிட்டு உடனே மறுக்காமல், கோப்பையைத் திரும்பப் பார்த்துவிட்டு மறுக்கலாம். சொன்னவர் பிழையாகவும் சொல்லியிருக்கலாம். அதையும் கோப்பைதான் தீர்க்க வேண்டும்.

1988இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, எம்மவர் முகத்துக்கு முகம் இருந்து விமர்சிக்க ஓர் இடத்தை உண்டாக்கியது. அங்கும் சரி, எமது பத்திரிகைகளிலும் சரி, பேச்சு பல தடவை 'ஆர் எழுதினது? அவர் முந்தி எந்தப் பக்கம்?' என்பதில் போய் முடிந்திருக்கிறது. படைப்பில் இது நடக்கும்போது கோட்பாடு, அரசியல் என்று எத்தனையோ நியாயங்கள் சொல்லலாம். கோப்பையின் அடியில் எந்தப் பக்கமும் இல்லை. ஆகவேதான் பயிற்சித் தாளிலிருந்து தொடங்கலாம் என்கிறோம். பெயரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். எதைப் பார்க்க முயன்றீர்கள் என்பதையும் அதற்குக் கீழே ஒரு வரியில் எழுதுங்கள். எல்லாத் தாள்களையும் நிலத்தில் ஒரே வரிசையில் பரப்புங்கள். பார்ப்பவர் முதலில் படத்தைப் பார்க்கட்டும், பிறகு திருப்பி அந்த வரியை வாசிக்கட்டும், பெயரைக் கடைசியாக வாசிக்கட்டும்.