யார் யாருக்கு எண் போடுவது? – ஊனத்தின் வகைப்பாடும் அதற்கான பயிற்சியும்

வகைப்படுத்துவது அதிகாரத்தின் வேலை என்று பேசி நமக்குப் பழகிப்போயிற்று. ஃபூக்கோவைப் படித்த கையோடு மருத்துவமனை, சிறை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிராகரித்துவிடுகிறோம். சரி. ஆனா சான்றிதழில் நாற்பது சதவீதம்னு எழுதியிருந்தாத்தான் வேலையில் இடஒதுக்கீடு கேட்க முடியும் என்ற நிலையில் இருக்கிற ஒரு பெண்ணிடம் போய் 'வகைப்பாடே வேணாம்'னு சொல்ல முடியுமா? அவளுக்கு அது சோற்றுப் பிரச்சினை. ஆகவே வகைப்படுத்தலாமா கூடாதா என்ற விவாதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பேனா யார் கையில் இருக்கிறது, எதை எழுத அந்தக் கை பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறது என்று கேட்க விரும்புகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 1980இல் கொண்டுவந்த முதல் வகைப்பாடு ஒரு நேர்கோடு போட்டது: நோய், அதனால் உடற்குறைபாடு, அதனால் இயலாமை, அதனால் சமூக இழப்பு. கோடு தொடங்குவது உடம்பில். பழியும் உடம்பின் மேல். ஆனால் அதற்கு நாலு வருஷம் முன்பே, 1976இல், பிரிட்டனில் பிரித்துவைத்தலுக்கு எதிரான உடற்குறைபாடுள்ளோர் ஒன்றியம் இதைத் தலைகீழாக்கிச் சொல்லிவிட்டது: குறைபாடு எங்கள் உடம்பில் இருக்கிறது, எங்களை ஊனமாக்குவது சமூகம். 2001 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட 'செயற்பாடு, ஊனம், ஆரோக்கியம் பற்றிய சர்வதேச வகைப்பாடு' – சுருக்கமாக ஐ.சி.எஃப் – இந்தச் சண்டையின் தழும்போடு பிறந்த பிரதி. அதில் மருத்துவச் சொல்லாடலும் இருக்கிறது, அதற்கு எதிர்ப்பும் இருக்கிறது. எந்தப் பாதியை வாசிப்பது என்பதைத் தீர்மானிக்கிற இடம் பயிற்சி வகுப்பு.

பிரதியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். நாலு எழுத்துக்கள். 'பி' உடலின் இயக்கங்கள், 'எஸ்' உடலின் அமைப்பு, 'டி' செயல்களும் பங்கேற்பும், 'இ' சூழல். மொத்தம் 1,400க்கும் மேற்பட்ட குறியீடுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் சைபரிலிருந்து நாலு வரை மதிப்பெண். 'இ' வரிசையில் ஒரு விசேஷம்: புள்ளி வைத்தால் தடை, கூட்டல் குறி போட்டால் துணை. பொதுக் கட்டடத்தின் வடிவமைப்புக்கு இ150. படிக்கட்டு மட்டுமே உள்ள தாலுகா ஆபீஸ் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு இ150.4. சாய்தளம் கட்டினால் அதே கட்டடம் இ150+3 ஆகலாம்.

'டி' வரிசையில் இரண்டு எண்கள் வரும். முதலாவது, ஒருவர் தன் அன்றாடச் சூழலில் நிஜமாகச் செய்வதில் உள்ள சிரமம். இரண்டாவது, துணை எதுவும் இல்லாமல் செய்யும் திறனில் உள்ள சிரமம். தொழுநோய் குணமான ஒருவருக்குக் கூலிவேலை செய்யத் தெம்பு இருக்கிறது, ஆனால் யாரும் வேலை தருவதில்லை. அவருக்கு டி850.40. திறனில் சிரமம் சைபர், நிஜத்தில் நாலு. அந்த நாலுக்கும் சைபருக்கும் நடுவில் நிற்பது ஊர்.

நான் உட்கார்ந்து பார்த்த ஒரு பயிற்சியில் – எங்கே, யார் நடத்தியது என்பது வேண்டாம் – பிசியோதெரபிஸ்ட்டுகள், சிறப்பாசிரியர்கள், சமூகப் பணியாளர்கள் இரண்டு நாள் குறியீடு போட்டுப் பழகினார்கள். 'பி'க்கும் 'டி'க்கும் மணிக்கணக்கில். 'இ'க்கு டீ வருவதற்கு முந்தின அரைமணி நேரம். ஊனமுற்றவர் யாரும் அறையில் இல்லை. காகிதத்தில் 'கேஸ்' ஆக மட்டும் வந்துபோனார்கள். கடைசியில் ஒருவர் கேட்டார்: "சார், இதையெல்லாம் போட்டா பர்சன்டேஜ் எவ்ளோ வரும்?" பயிற்சியாளர் சொன்னார்: "அது வேற, இது வேற."

கேட்டவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய மேஜைக்கு வருகிறவர்களுக்கு வேண்டியது பர்சன்டேஜ்தான். 2016ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துக்கே இரண்டு தலை. ஒரு வரையறை, குறைபாடு தடைகளோடு மோதும்போது பங்கேற்பு தடைப்படுகிறது என்கிறது. அதற்கு ஒட்டினாற்போல் வருகிற இன்னொரு வரையறை நாற்பது சதவீதம் என்கிறது. இடஒதுக்கீட்டுக்கு எண்ணப்படுவது இரண்டாவது. கை கால் மதிப்பீட்டில் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்று அளந்து கூட்டுகிறார்கள். வீட்டு வாசல் படிக்கு அங்கே மார்க் கிடையாது. தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மாற்றுத்திறனாளி' என்று பெயர் மாற்றியது. பெயர் மாறிற்று, கணக்கு மாறவில்லை.

நீதிமன்றம் மெல்ல நகர்ந்திருக்கிறது. பேச்சுக் குறைபாடு நாற்பது சதவீதத்துக்கு மேல் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு மருத்துவப் படிப்பை மறுக்கக்கூடாது, அவரால் அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்பதை மதிப்பீட்டுக் குழு ஆராய வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி ஆராய்வதற்கு வேண்டிய மொழி ஐ.சி.எஃப்பில் இருக்கிறது. அதனால்தான் 'இ'யை அரைமணி நேரத்தில் சுருட்டிவிடுவது சாதாரண விஷயமாக எனக்குப் படவில்லை.

ஐ.சி.எஃப்பை நான் புனிதப்படுத்தவில்லை. அதன் 3 என்ற மதிப்பெண்ணுக்குள் 50லிருந்து 95 சதவீதம் வரை அடங்குகிறது. பழைய பர்சன்டேஜ் பின்வாசல் வழியாக நுழைய இது போதும். 'தனிநபர்க் காரணிகள்' என்று ஒரு பெட்டி வைத்துவிட்டு, பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடும் என்று சொல்லிக் குறியீடே தராமல் விட்டிருக்கிறது. நம்மூர்ப் பயிற்சியாளர் சாதியை அந்தக் குறியீடில்லாப் பெட்டிக்குள் தள்ளிவிடுவார். தலித் குடியிருப்பில் இருக்கிற பார்வையற்ற பிள்ளையைப் பள்ளியில் ஒதுக்கி உட்காரவைத்தால் அது பிள்ளையின் தனிநபர்க் காரணியா? சமூக மனப்பான்மைக்கு இ460 இருக்கிறது. புள்ளி வைத்து எழுத வேண்டியது அங்கே.

இதே வரிசையில் இ450 என்று ஒன்று: சுகாதாரப் பணியாளர்களின் தனிப்பட்ட மனப்பான்மை. அதாவது எண் போடுகிறவருக்கே எண் போடப் பிரதி இடம் வைத்திருக்கிறது. பயிற்சியை இங்கிருந்து தொடங்கினால் என்ன? முதல் நாள் முழுக்க 'இ' மட்டும். தன் ஆபீஸ் வாசல், கழிப்பறை, வரிசை, தான் பேசுகிற தோரணை எல்லாவற்றுக்கும் குறியீடு போடட்டும். மதிப்பெண் சரியா என்று சொல்ல ஊனமுற்ற தோழர்கள் பயிற்றுநர்களாக உட்காரட்டும்.

இது என் ஆசை மட்டுமல்ல. ஐ.சி.எஃப்பின் ஆறாம் பின்னிணைப்பு அறநெறிகளைப் பட்டியலிடுகிறது. யாரை வகைப்படுத்துகிறார்களோ அவரோ அவருக்காகப் பேசுகிறவரோ அதில் பங்கேற்கவும், போட்ட குறியீட்டையும் மதிப்பீட்டையும் மறுக்கவும் வாய்ப்புத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. இயக்கங்களில் இருப்பவர்கள் அந்தப் பின்னிணைப்பைத் தமிழில் துண்டுப் பிரசுரமாகப் போடலாம், நாலு பக்கம் கூட வராது. அப்புறம் பயிற்சி எங்கே நடந்தாலும் போய், நிரப்பின படிவத்தைக் கேட்டு வாங்கி, 'இ' பத்தி காலியா இருந்தா ஏன்னு கேட்கலாம்.