சட்டாம்பிள்ளையின் கரும்பலகை: வகுப்பறை மேலாண்மை குறித்துச் சில குறிப்புகள்

கரும்பலகையின் வலது மூலையில் 'பேசியவர்கள்' என்று எழுதி அடியில் ஒரு கோடு. ஆசிரியர் வெளியே போனதும் லீடர் சாக்பீஸோடு எழுந்து நிற்பான். வாய் திறந்தவன் பேர் ஏறும். மறுபடி திறந்தால் பேருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. நம் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொல்லிமலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றிலும் அதே மூலை, அதே கோடு. 'வகுப்பறை மேலாண்மை' என்று பி.எட். வகுப்பிலும் பணியிடைப் பயிற்சிகளிலும் ஓதப்படுவதன் சாரம் முழுக்க அந்த மூலையில் அடங்கியிருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அந்த மூலைக்கு ஒரு வரலாறு உண்டு. அதுவும் நம் ஊர் வரலாறுதான். எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்காக நடந்த அநாதைக் காப்பகத்தை 1789 முதல் 1796 வரை மேற்பார்த்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவர நினைத்தார். அவரது ஆசிரியர்கள் மசியவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனையே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வைத்தார். திண்ணையில் இருந்த சட்டாம்பிள்ளை இப்படித்தான் ஒரு 'முறை'யின் அச்சாணி ஆனான். 1797இல் லண்டனில் பெல் அச்சிட்ட அறிக்கைக்குப் பிறகு அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள்மீது ஏவப்பட்டது. ஒரே ஒரு வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கானவர்களை ஆளலாம், செலவும் குறைவு. பெல்லிடம் குற்றங்களைக் குறிக்க ஒரு கறுப்புப் புத்தகமும் இருந்தது. எல்லோரையும் கூட்டிவைத்து அதைப் படிப்பார்கள். தீர்ப்புச் சொல்வதும் பிள்ளைகளே. 'பேசியவர்கள்' பட்டியலுக்கு அதைத்தான் பாட்டன் என்று சொல்லத் தோன்றுகிறது.

மிஷல் ஃபூக்கோ 1975இல் ஒழுங்கு, தண்டனை குறித்து எழுதிய நூலில் சிறை, பாசறை, மருத்துவமனை ஆகியவற்றின் பக்கத்தில் இந்த வகைப் பள்ளிகளையும் வைத்துப் பேசினார். அதிகாரம் மேலிருந்து மட்டும் இறங்குவதில்லை, பக்கத்து பெஞ்சிலிருந்தும் வருகிறது என்பதை அவர்வழி வாசிக்க முடியும். ஆனால் அந்தத் தொழில்நுட்பத்தின் சோதனைக்கூடங்களில் ஒன்று காலனியாகக் கிடந்த மதராஸ் என்பது அவர் கதையாடலில் அழுத்தம் பெறவில்லை. (உடனே திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கி, தரம்பாலைத் தூக்கிக்கொண்டு யாரும் கிளம்பிவிட வேண்டாம். கோதண்டம் போட்டதும் அங்கேதான். சேரிப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமும் இல்லை.)

பிரம்பு சட்டப்படி போய்விட்டது. அடிக்க அனுமதித்த தமிழ்நாடு கல்வி விதி 51 திருத்தப்பட்டது 2003இல். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. பிரம்பு போன இடத்துக்கு 'ஈடுபாடு' என்ற சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை கை தூக்குகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, கோரஸாகச் சொல்கிறதா? அளந்து நட்சத்திரம் கொடு. 2007க்குப் பின் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை இதோடு சேர்த்து நான் திட்டமாட்டேன். ரிஷிவேலியில், பல வகுப்புகளை ஒருவரே பார்க்கும் கிராமப் பள்ளிகளுக்காக உருவானதை ஒட்டியது அது. வாத்தியாரைப் பாயில் உட்காரவைத்தது; கடைசி பெஞ்சையே இல்லாமலாக்கியது. சின்ன விஷயமல்ல. ஆனாலும் அட்டையில் என்ன இருக்க வேண்டும் என்பது மலைக்குக் கீழேதான் முடிவானது.

கொல்லிமலைப் பிள்ளைகள் பற்றிக் கீழேயிருந்து பஸ் ஏறி வரும் வாத்தியார்களிடம் இரண்டு வாக்கியங்கள் கேட்டேன். 'வாயே தொறக்காதுங்க சார்.' 'சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போயிடுதுங்க.' முதலாவது ஈடுபாட்டுக் குறை. இரண்டாவது ஒழுக்கக் குறை. எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறிவந்த பிறகு இந்தப் பகுப்பு யாருக்கும் சந்தேகமாகவே படுவதில்லை.

கரும்பலகை மூலையைத் திரும்பப் படியுங்கள். காலைப் பாடத்தில் வாயே திறக்காத பிள்ளையின் பேர்தான் மத்தியானம் இரண்டு பெருக்கல் குறியோடு நிற்கிறது. பேச்சு இருக்கிறது, பள்ளிக்கு அது பேச்சாகக் கணக்காவதில்லை. பேசினால் குற்றம், பேசாவிட்டால் மந்தம். மௌனத்தை உற்பத்தி செய்துவிட்டு அதையே அந்தச் சாதிசனத்தின் குணமாகப் பதிவேட்டில் ஏற்றுகிறோம்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் அரசு விழா நடக்கிறது. ஓரி பாடத்தில் வருவான். மலையாளி மக்கள் தங்கள் முன்னோர் பற்றிச் சொல்லும் கதை, காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மலையேறி வந்த கதை, பாடத்தில் வராது. ஓர் ஆசிரியை ஒருநாள் அதைக் கேட்டுவிட்டார். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனான் என்பதில் ஆளுக்கொரு கதை, சண்டையே வந்துவிட்டது. 'எங்க ஆயா சொல்றதுதான் சரி' என்று காலையில் வாய் திறக்காத ஒருத்தி பெஞ்சுமேலேயே ஏறிவிட்டாள். பக்கத்து அறையிலிருந்து எட்டிப்பார்த்தவர் கேட்டது: 'என்ன மேடம், கிளாஸ் கையை மீறிப் போச்சா?' மீறித்தான் போயிருந்தது. ஆசிரியைக்குத் தெரியாததைப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருந்தார்கள். மேலாண்மைச் சொல்லாடலால் தாங்கமுடியாத தருணம் அதுதான்.

இனி, ஓடிப்போவது. உண்டு உறைவிடப் பள்ளிக்கு நாலு மணி என்பதே கிடையாது. நான் பார்த்த இடத்தில் பகலில் பாடம் நடந்த அறையிலேயே ராத்திரி பாய் விரிக்கிறார்கள். சுவரோரம் வரிசையாகத் தகரப் பெட்டிகள். இதே மாவட்டத்தின் சமவெளியில் பணம் கட்டிப் பிள்ளையை அடைத்துவைக்கும் பள்ளிகளை ஊரே 'பிராய்லர் பள்ளி' என்று கேலி பேசும். அங்கே அடைப்புக்குக் கூலியாக மதிப்பெண் கிடைக்கிறது, அதனால் கேலியோடு வரிசையிலும் நிற்கிறார்கள். மலைமேல் அடைப்பு இலவசம். பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. சாமை அறுப்புக்கும் மிளகு பறிப்புக்கும் பிள்ளை ஒத்தையடிப் பாதையில் இறங்கி வீட்டுக்குப் போகிறது. அங்கே அதற்கு வேலை தெரியும், பேர் சொல்லிக் கூப்பிட ஆளும் உண்டு. பதிவேட்டில் அதற்கு ஒரே சொல்தான், ஆப்சென்ட்.

அண்மையில் ஒரு பயிற்சியில் இதற்குத் தீர்வு பேசினார்கள். சுற்றுச்சுவரை உயர்த்த வேண்டும் என்றார் ஒருவர். எத்தனை அடி என்பதில்தான் மற்றவர்களுக்குக் கருத்து வேறுபாடு.