பெயர் தெரியாதவர்கள் ஆடிய பருவம்

1972-ன் மயாமி டால்பின்ஸ் பற்றிப் பேச்செடுத்தாலே முந்திக்கொண்டு வருவது ஓர் எண்தான்: 17 ஆட்டம், 17 வெற்றி. வழக்கமான பருவத்தில் 14, நாக்-அவுட்டில் 2, கடைசியாக 1973 ஜனவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் போட்டியில் முதல் ஆட்டத்திலிருந்து சூப்பர் பவுல் வரை ஒன்றில்கூடத் தோற்காமல், சமன்கூட ஆகாமல் முடித்த அணி இன்றுவரை அது ஒன்றே. 2007-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 16 ஆட்டங்களையும் வென்றுவிட்டு, சூப்பர் பவுலில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று சறுக்கியது. ஆனால் தோல்வி இல்லாத பட்டியலைப் பார்த்து மகிழ்வது கணக்குப்பிள்ளையின் வேலை. ரசிகனைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பதினேழுக்குள் ஓடிய ஆட்டத்தின் நடை. நட்சத்திரங்கள் அந்த அணியில் இருக்கவே செய்தார்கள்; ஆனால் எந்த நட்சத்திரத்தை எடுத்துவிட்டாலும் ஆட்டம் தடம் புரளவில்லை. பயிற்சியாளர் டான் ஷூலாவின் கலை என்று நான் மதிப்பது இதைத்தான்.

அந்த நடையின் உயிர் ஓட்டத்தில் இருந்தது. இந்த ஆட்டத்தில் பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு. பந்தை எறிந்து முன்னேறலாம், கையில் வைத்துக்கொண்டு ஓடியும் முன்னேறலாம். டால்பின்ஸ் ஓடினார்கள், அந்தப் பருவத்தில் மொத்தம் 2,960 கஜம், அன்றைக்கு அது சாதனை. லாரி சோங்கா 1,117 கஜம், மெர்க்குரி மோரிஸ் 1,000. ஒரே அணியில் இருவர் ஆயிரத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. (மோரிஸுக்கு முதலில் 991-தான். பஃபலோவுடனான ஆட்டத்தில் அவர் பேரில் எழுதப்பட்ட 9 கஜ நஷ்டத்தை லீக் பிறகு தள்ளுபடி செய்தது!) இந்த ஓட்டத்தை ரசிக்க வேண்டுமானால் பந்தைப் பார்க்கக் கூடாது, அதற்கு முன்னால் நடக்கும் ‘டிராப்’, அதாவது பொறி வைக்கும் தடுப்பைப் பார்க்க வேண்டும். எதிரணியின் முன்வரிசைக்காரர் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தொடாமல் விடுவார்கள். வழி கிடைத்த உற்சாகத்தில் அவர் இரண்டு எட்டு உள்ளே பாய்வார். அதற்குள் மறுபக்கத்துக் கார்டு எனும் முன்வரிசைத் தடுப்பாளர், வலப்பக்கமென்றால் லாரி லிட்டில், தன் வரிசைக்குப் பின்னாலேயே குறுக்கே ஓடி வந்து அவரை விலாவில் மோதி ஓரம் தள்ளுவார். அவர் காலிசெய்துவிட்டு வந்த இடமே வாசல். சோங்கா அதில் நுழையும்போது வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும். தேர் திரும்பும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவரை வடம் பிடித்த கூட்டம் கவனிப்பதில்லை; லிட்டிலின் நிலைமையும் அதுதான். அந்த முன்வரிசையே பிற அணிகள் வேண்டாம் என்றவர்களால் ஆனது. லிட்டிலை வீரர் தேர்வில் எந்த அணியும் எடுக்கவில்லை. சென்டர் ஜிம் லேங்கரை கிளீவ்லாண்ட் கழித்துவிட்டது. இடப்பக்கக் கார்டு பாப் கூக்கன்பெர்க் சிறு லீக் ஒன்றில் ஆடிவிட்டு வந்தவர். இவர்களில் லிட்டிலும் லேங்கரும் பின்னால் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்கள்.

எந்த நட்சத்திரத்தை எடுத்தாலும் ஆட்டம் தடம் புரளாது என்பதைச் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பமும் ஐந்தாவது ஆட்டத்திலேயே வந்தது. சான் டியேகோவுக்கு எதிராகக் குவார்ட்டர்பேக் பாப் கிரீஸியின் கால் எலும்பு முறிந்தது. அணியை ஆட்டுவிப்பவரே விழுந்தால் பருவமே விழும் என்பது பொதுவிதி. உள்ளே வந்தவர் 38 வயது எர்ல் மோரல். அந்த ஆண்டுதான் பால்டிமோர் விடுவித்த அவரை ஷூலா வெறும் 100 டாலர் கட்டணத்தில் எடுத்திருந்தார். இருவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1969 ஜனவரி சூப்பர் பவுலில் ஷூலாவின் பால்டிமோர் கோல்ட்ஸ், யாரும் எதிர்பாராதபடி ஜெட்ஸிடம் 16-7 என்று தோற்றது. அன்று மோரல் மூன்று பாஸ்களை எதிரணியின் கையில் கொடுத்தார். இடையில் ஷூலா அவரை வெளியே எடுத்தார். இப்போது அதே மோரல் ஒன்பது ஆட்டங்களைத் தொடங்கி ஒன்பதையும் வென்று கொடுத்தார், அடுத்து கிளீவ்லாண்டுடனான நாக்-அவுட்டையும். பிட்ஸ்பர்க்கில் நடந்த கான்ஃபரன்ஸ் இறுதியில் பாதி ஆட்டம் 7-7 என்று நிற்க, ஷூலா இரண்டாவது முறையாக அவரை உட்கார வைத்தார். குணமாகி வந்த கிரீஸி பால் வார்ஃபீல்டுக்கு 52 கஜ பாஸ் ஒன்றைப் போட்டார், ஜிம் கிக் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்து டச்டவுனை முடித்தார், ஆட்டம் 21-17. இதைக் கல்நெஞ்சம் என்று சொல்ல இடமிருக்கிறது. ஆனால் இரண்டு குவார்ட்டர்பேக்குகளுக்கும் அணி ஆடிய ஆட்டம் ஒன்றாகவே இருந்ததால்தான் அந்த மாற்றம் சாத்தியமானது. வார்ஃபீல்டு அக்காலத்தின் பாஸ் பிடிக்கும் ஆகச் சிறந்த ரிசீவர்களில் ஒருவர். அவருக்கே ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு மூன்று பாஸ்கள்தான் கைக்கு வந்தன. சூப்பர் பவுலில் கிரீஸி எறிந்தது மொத்தம் 11.

எதிர்வாதம் ஒன்று பழையது, நியாயமானதும்கூட: அட்டவணை சுலபம். வழக்கமான பருவத்தில் இவர்கள் சந்தித்த அணிகளில் வெற்றி தோல்வியை மிஞ்சியவை இரண்டே, கான்சஸ் சிட்டியும் ஜயன்ட்ஸும், இரண்டுமே 8-6. மினசோட்டாவிடம் 16-14, பஃபலோவிடம் 24-23 என்று நூலிழையில் தப்பியதும் உண்டு. மறுப்பதற்கில்லை. பிட்ஸ்பர்க் ஆட்டம் எதிராளியின் மண்ணில் நடந்தது, களம் அன்று சுழற்சி முறையில் ஒதுக்கப்பட்டதால் தோற்காத அணிக்குச் சொந்த ஊர் கிடைக்கவில்லை என்று பதில் சொல்லலாம். லீக்கிலேயே அதிகமாக 385 புள்ளி எடுத்து, குறைவாக 171 கொடுத்த அணி என்றும் சொல்லலாம். ஆனால் என் பதில் வேறு. அட்டவணையால் குறைவது எண்ணின் பெருமை. லிட்டில் குறுக்கே ஓடி வரும் அந்த நேரக்கணக்கை எந்த அட்டவணையும் எளிதாக்கவில்லை. ஓடியே ஆடுவது சலிப்பு, பாஸ்தான் அழகு என்பாரும் உண்டு. அவர்கள் பந்தை மட்டுமே பார்க்கிறார்கள்.

கனமான ஆட்சேபம் இன்னொன்று. விலாவில் மோதுவதையும் நெற்றியால் முட்டுவதையும் கலை என்று கொண்டாடலாமா? 2014-ல் மோரல் இறந்த பிறகு நடந்த ஆய்வில், தலையில் திரும்பத் திரும்ப விழும் அடியால் வரும் மூளைச் சிதைவு அவருக்கு முற்றிய நிலையில் இருந்தது தெரியவந்தது. தடுப்பாட்டத்தின் தலைவர் நிக் பூனிகான்ட்டி தன் மூளையை ஆய்வுக்குக் கொடுப்பதாக உயிரோடிருக்கும்போதே அறிவித்தார். இந்த ஆட்சேபத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, இருப்பதாகச் சொல்பவரை நம்பவும் மாட்டேன். டிராப் தடுப்பின் அழகு நேரத்தில் இருக்கிறது, அடியின் வலுவில் இல்லை என்பது வரை சொல்லலாம். அந்த அழகுக்கு விலை கொடுத்தவர்கள் பார்த்தவர்களல்ல, ஆடியவர்கள்.

டால்பின்ஸின் தடுப்பாட்டக்காரர்களின் பெயர்கள் நினைவில் நிற்பதில்லை என்று டல்லாஸ் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி சொல்லப்போக, ‘பெயரில்லாத் தடுப்பு’ என்ற பட்டமே அவர்களுக்கு நிலைத்துவிட்டது. அவர்களின் தந்திரத்துக்குப் பெயர்கூட ஒரு சட்டை எண்தான்: 53. அதை அணிந்த பாப் மாத்தஸன் முன்வரிசைக்காரர் ஒருவருக்குப் பதிலாக வந்து நிற்பார். பாய்வாரா, பின்வாங்கிப் பாஸை மறிப்பாரா என்பது பந்து கிளம்பும்வரை எதிரணிக்குத் தெரியாது. சூப்பர் பவுலில் வாஷிங்டன் 14-0 என்று பின்தங்கியிருக்க, இரண்டு நிமிடம் சொச்சம் மீதியிருக்கையில், உதைப்பவர் காரோ யெப்ரெமியன் அடித்த பந்து தடுக்கப்பட்டு அவரிடமே திரும்பி வந்தது. அதோடு விழுந்து படுத்திருந்தால் வம்பில்லை. அவர் பாஸ் போடப் பார்த்தார். கை நழுவி மேலே எழும்பிய பந்தை வாஷிங்டன் வீரர் மைக் பாஸ் பிடித்துக்கொண்டு 49 கஜம் ஓடி டச்டவுன் அடித்தார். 14-7. பிறகு வாஷிங்டனின் கடைசி வாய்ப்பில் குவார்ட்டர்பேக் பில்லி கில்மரை இருபுறமிருந்தும் வந்து வீழ்த்தியவர்கள் வெர்ன் டென் ஹெர்டரும் பில் ஸ்டான்ஃபில்லும், இரண்டு பெயரில்லாதவர்கள். ஆட்ட நாயகன் விருது இரண்டு பாஸ்களைப் பறித்த ஜேக் ஸ்காட்டுக்குப் போயிற்று. நடுவரிசையை அன்று முழுக்க அடைத்து நின்ற மேனி பெர்னாண்டஸுக்கே அது சேர வேண்டியது என்று வாதிடுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். என் ஓட்டும் அவருக்குத்தான்.