கடனும் பேறும்

திருவள்ளூர் என இன்று வழங்கும் திருஎவ்வுள், திருமங்கையாழ்வாரால் பாடப்பெற்ற பதி. ஆண்டு எழுந்தருளிய பெருமாள் வைத்திய வீரராகவர் எனப்படுவார். முனிவர் ஒருவர் வேள்வி இயற்றிச் சாலிகோத்திரரை மகனாகப் பெற்றார் என்பது தலவரலாறு. ஆகவே நோய்நீக்கமும் மகப்பேறும் அங்கு இருவேறு வேண்டுதல்களாம். நோய் நீங்காது நிற்குங்கால் மகப்பெறுதல் தகுமோ என ஆராய்வார்க்கு அவ்வரலாறு விடை கூறிற்றிலது. அவ்விடையைத் திருக்குறளுள் நாடுவாம்.

ஏழாம் அதிகாரத்தைப் பரிமேலழகர் 'புதல்வரைப் பெறுதல்' எனக் கொண்டு, தென்புலத்தார் கடன் அதனாலன்றி இறுக்கப்படாது என்றார். மணக்குடவர் கொண்ட பெயரோ 'மக்கட்பேறு'. கடனாயின் தீராவலியும் அதற்கு விலக்காகாது, ஆராய்ச்சிக்கும் இடமின்று. ஆயின் அவ்வதிகாரத்துப் பத்துக் குறளினும் கடன் என்னும் சொல்லே இல்லை. அக்கடனை இருபிறப்பாளர் மூவர்க்கு உரியதாகவே பரிமேலழகரும் கூறினார். தென்புலத்தாரை ஓம்பல் 43ஆம் குறளில் உளதேயெனின், ஆண்டு மகப்பெறுதல் கூறப்பட்டிலது. எனவே வள்ளுவர்க்கு மக்கள் பேறே என்க.

மக்கள் மெய் தீண்டல் உடற்கின்பம் என்னும் கருத்துடைய 65ஆம் குறள், முடக்குவாதம் உற்றாரை நோக்கப் பொருந்தாதெனலாம். குழவியைத் தூக்குதலே அவர்க்கு வலியாகலின். ஆயின் அக்குறள் செவியின்பத்தையும் வேறாக வைத்தது. ஒன்று குறையினும் மற்றொன்று குறையாது என்பது எம் கருத்து.

இனி, தேரும் முறையை மருந்து அதிகாரம் தரும். உற்றானது நிலை, பிணியின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆராய்க என்பது 949ஆம் குறள். முடக்குவாதத்திற்குத் தரப்படும் மெதோட்ரெக்சேட் கருவுக்குத் தீங்கு செய்வது. கருவுறுதற்கு முன்னரே மருத்துவர்வழி நிறுத்தற்பாலது. கருவுற்ற காலத்துத் தணியும் அந்நோய் பிள்ளைப்பேற்றின் பின் மிகுதலும் உண்டு. காலம் என்னும் சொல்லின் ஆழம் இதனால் விளங்கும். 950ஆம் குறளோ உழைச்செல்வானையும் மருத்துவத்தின் உறுப்பாக்கிற்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உற்றாரைப் பிரிந்து வந்து, கணவன் இரவுமுறைப் பணிக்குச் செல்லும் குடும்பத்தில், வலியுற்ற தாய்க்கும் குழவிக்கும் உழைச்செல்வார் யார்? இவ்வினாவிற்கு விடை காணாது மகவை வற்புறுத்தல் முறையன்று.

பேறு விரும்பிப் பெறற்குரியது. வலியுடையாரும் துணையும் காலமும் தேர்ந்து அதனைப் பெறலாம். அங்ஙனம் தேர்ந்து ஒழிந்தாரைக் கடன் தீராதார் என இகழ்தற்குக் குறள் இடந்தரவில்லை.