கருக்கு காட்டும் துணிவு

இடர்களை வென்றோரைப் பற்றி எழுதும்போது உழைப்பு, பொறுமை, தன்னம்பிக்கை எனப் பண்புகளை அடுக்குவது நம் வழக்கம். 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' அவ்வடுக்கோடு நின்றுவிடவில்லை.

கூமாப்பட்டிக்கு அணித்தேயுள்ள வத்திராயிருப்புப் புதுப்பட்டியில், தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் பாமா. பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் சென்ற பெரியவரைக் கண்டு சிறுவயதில் சிரித்தவர், காரணம் அறிந்ததும் கொதித்தார். படிப்பே இழிவைத் துடைக்கும் என்ற அண்ணனின் சொல்லைப் பற்றிக்கொண்டு முதன்மை மாணவியானார், ஆசிரியையானார். வேறொரு நூல் இவ்விடத்தில் வெற்றி என்று முடிந்திருக்கும்.

பாமாவோ ஏழைகளுக்கு உழைக்கும் ஆவலில் துறவுமடம் புகுந்தார். அங்கும் சாதியைக் கண்டு, ஏழாண்டுகளுக்குப்பின் வெளியேறினார். பாதுகாப்பை உதறிய அத்துணிவே நூலின் உயிர். ஊர்ப்பேச்சிலேயே எழுதியதும் அதன் பகுதிதான். நிகழ்ச்சிகள் காலவரிசையின்றித் திரும்பத் திரும்ப வருவது சிலருக்குக் குறையாகத் தோன்றலாம். ஆறாத புண்ணின் நினைவு அவ்வாறே வருமென்று நாம் கருதுகிறோம்.

பனங்கருக்கைப் போல் இந்நூல் பீடத்தில் நிற்கும் நம் கையையும் கீறுகிறது. இடரை வெல்லும் பண்புகளை ஏழைக்குப் போதித்த நாம், அவ்விடரில் நம் பங்கு எவ்வளவு என்று கேட்டோமா? இந்நூலை அக்கேள்வியோடு வாசிப்போம்.